உப்புக் காற்றுக்கு ஏற்ற பொருள்: இராமநாதபுரக் கரைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மதுரையிலிருந்து மண்டபத்துக்குக் குடிவந்த முதல் ஆண்டின் ஆடி மாதம். கொடியில் உலர்ந்த என் கணவரின் வெள்ளைச் சட்டையை மடிக்க எடுத்தேன். தோளுக்குக் குறுக்கே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. துவைத்தேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், மறுபடியும் வெயிலில் போட்டேன். கோடு போகவில்லை. கொல்லைக்குப் போய்க் கொடிக்கம்பியைப் பார்த்தேன். எட்டு மாதத்துக்கு முன் மதுரையில் வாங்கி வந்த கம்பி. மேலே பூசியிருந்த வெள்ளிப் பளபளப்பு உரிந்து, உள்ளே செந்தூரம் அப்பியதுபோலத் துரு. விரலால் தடவினால் பொடியாக ஒட்டியது. அதே கடையில் வாங்கிய அதே கம்பி மதுரை வீட்டில் ஏழு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் கிடந்தது.

அன்றிலிருந்து நான் பொருள் வாங்கும் கணக்கு மாறிவிட்டது. வங்கி, பள்ளிக்கூடம், ரயில்வே, கடலோரக் காவல் என்று ஏதோ ஒரு வேலைக்காக இந்தக் கரைக்கு மாற்றலாகி வருபவர்கள் வீடு போடும்போது என்னிடம் யோசனை கேட்பார்கள். அவர்கள் முதலில் கேட்பது, "அக்கா, இது சைனா சாமானா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. அதற்கு முன் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பொருள் எங்கே நிற்கப் போகிறது? ஓர் ஆண்டுக்கு அதற்கு என்ன செலவாகிறது? இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகு நாட்டைக் கேட்டால்தான் அந்தப் பதில் பயன்படும்.

முதல் படி: பொருள் நிற்கும் இடம்

வாங்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே, அது வீட்டில் எங்கே இருக்கும் என்று குறியுங்கள். கடற்காற்று நேராக அடிக்கும் இடமா, சுவருக்குள்ளே இருக்கும் இடமா, நம் வயிற்றுக்குள் போகும் பொருளா? இந்த மூன்று பிரிவு போதும்.

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் போன்ற இடங்களில் இரண்டு பக்கமும் கடல். வாடைக் காற்று ஒரு பாதி ஆண்டு, தெற்கேயிருந்து வரும் காற்று மறு பாதி. உப்பு எந்தத் திசையிலிருந்தாவது வந்துகொண்டேதான் இருக்கிறது. உச்சிப்புளியைத் தாண்டி இராமநாதபுரம் நகரத்துக்குள் போனால் கொஞ்சம் தணியும். ஆகவே நகரத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் நன்றாக உழைக்கிறது என்பதற்காக அதே கேட்டையும் அதே பீரோவையும் பாம்பனுக்கு வாங்கிவிடாதீர்கள். வாசல் கேட், ஜன்னல் கம்பி, கீல், தாழ்ப்பாள், கொடிக்கம்பி, தண்ணீர்த்தொட்டியின் ஸ்டாண்டு, ஏ.சி.யின் வெளி யூனிட் ஆகியவை முதல் பிரிவு. பணத்தை அங்கே போடுங்கள். மேசை, கட்டில், அலமாரியில் மிச்சம் பிடிக்கலாம்.

இரண்டாம் படி: ஆண்டு விலை

கடைக்காரர் சொல்வது வாங்கும் நாளின் விலை. நமக்கு வேண்டியது ஆண்டு விலை. சாதாரணக் கொடிக்கம்பி 150 ரூபாய், நல்ல எவர்சில்வர் கம்பி 450 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஓர் ஆண்டில் போய்விட்டால் ஆண்டுக்கு 150. இரண்டாவது ஆறு ஆண்டுகள் வந்தாலே ஆண்டுக்கு 75. பாழான சட்டைகளை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மின்சாரத்தில் ஓடும் பொருளுக்கு இன்னொரு வரி சேர்க்க வேண்டும். பழைய மாதிரி மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்னும் புதுவகை மோட்டார் உள்ள விசிறி 30 வாட் அளவில் ஓடும். இங்கே கோடையில் விசிறி நிற்பதே இல்லை. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று குறைத்தே போட்டாலும், 45 வாட் வித்தியாசம் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 197 யூனிட் ஆகிறது. உங்கள் மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு என்ன விழுகிறதோ அதனால் பெருக்கிப் பாருங்கள். கடையில் அதிகமாகத் தெரிந்த விலை எத்தனை மாதத்தில் திரும்பி வருகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்திலும் இதே கதைதான். இந்த மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பு. அதனால் உள்ளே இருக்கும் சவ்வும் வடிகட்டியும் வெளியூரைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இயந்திரத்தின் விலையை விசாரிப்பதற்கு முன், "சவ்வு மாற்ற என்ன ஆகும், மாற்றுகிற ஆள் எங்கிருந்து வருவார்?" என்று விசாரியுங்கள். இராமநாதபுரத்திலிருந்து வருபவர் என்றால் வாங்கலாம். மதுரையிலிருந்துதான் ஆள் வர வேண்டும் என்றால், பழுது நாளில் நீங்கள் குடத்தோடுதான் நிற்பீர்கள்.

விலை உயர்ந்ததையே வாங்குங்கள் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் நாட்டுப்படகு வைத்திருக்கிறார். இன்ஜின் விஷயத்தில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார். ஜப்பான் கம்பெனி வெளிப்பொருத்து (அவுட்போர்டு) இன்ஜின்தான் வேண்டும் என்பார். காரணம் கேட்டேன். "பாம்பனில் எந்த மெக்கானிக்கை எழுப்பினாலும் அவன் கையில் இதற்குச் சாமான் இருக்கும், தங்கச்சி. நடுக்கடலில் நாட்டின் பெயரா வந்து இழுத்துக்கொண்டு போகும்?" என்றார். அதே மனிதர் தலையில் மாட்டும் விளக்கைக் கடையில் இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து இரண்டாக வாங்குவார். அது என்றாவது ஒரு நாள் கடலில் விழத்தான் போகிறது என்பது அவருக்குத் தெரியும். தொலையும் பொருளுக்கும் உடையும் பொருளுக்கும் மலிவே சரியான விலை. குடை, வாளி, துடைப்பம், டார்ச் எல்லாம் அந்த வகை.

மூன்றாம் படி: கையால் பார்த்துத் தரம் அறிவது

எவர்சில்வர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

"காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், அசல் எவர்சில்வர்" என்று கடையில் காட்டுவார்கள். அந்தச் சோதனை பாதிதான் உண்மை. எவர்சில்வரில் 304 என்று ஒரு ரகம். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202 என்று இன்னொரு ரகம். விலை கூடிய நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்வது. காந்தம் இரண்டிலும் பெரும்பாலும் ஒட்டாது. மதுரையில் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். இங்கே 202 கைப்பிடியில் சில மாதங்களில் தேயிலைக் கறைபோலப் புள்ளி புள்ளியாகத் துரு எழும். 316 என்று மூன்றாவது ரகம் உண்டு. அதில் மாலிப்டினம் சேர்ப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். படகுச் சாமான்களுக்கு அதைத்தான் தேடுவார்கள். கடலைப் பார்த்த வாசலுக்கு முடிந்தால் 316, மற்ற இடத்துக்கு 304. சமையல் பாத்திரத்துக்கு இவ்வளவு கவலை வேண்டாம். தினமும் கழுவித் துடைத்து வைக்கிறோம்.

கண்ணால் பார்த்து 304-ஐயும் 202-ஐயும் என்னால் பிரிக்க முடியாது; உங்களாலும் முடியாது. ஆகவே நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "304 என்று பில்லில் எழுதித் தருவீர்களா?" அந்த நொடியில் கடைக்காரரின் முகத்தைப் பாருங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் பேனாவை எடுப்பார். மற்றவர், "அதெல்லாம் எழுத மாட்டோம், நம்பி வாங்குங்கள்" என்பார். நான் நம்பி வாங்கிய தாழ்ப்பாள்கள் இரண்டே மழைக்காலத்தில் இறுகிப்போய், தச்சரைக் கூப்பிட்டு அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. எழுதித் தந்தவரிடம் வாங்கியது இன்றும் ஒரு விரலால் நகர்கிறது. இந்தக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். கீழே சொல்லப்போகும் எல்லாப் பொருளுக்கும் இது உதவும்.

நல்ல கீலை வாங்குவோம். அதோடு கடையில் இலவசமாக ஒரு கை ஸ்குரூ அள்ளிப் போடுவார்கள். அது சாதாரண இரும்பாக இருக்கும். கீல் பளிச்சென்று இருக்க, ஸ்குரூவின் தலை கரைந்து, ஆணித் துளையிலிருந்து துருநீர் கதவில் வழியும். ஒருநாள் கதவைத் திறக்கும்போது கீல் கையோடு வந்துவிடும். ஸ்குரூவையும் எவர்சில்வரில் தனியாகக் காசு கொடுத்து வாங்குங்கள். தச்சர் வேலை முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று, அதைத்தான் போடுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜி.ஐ. ஷீட் வாங்கும்போது தகட்டின் கனத்தை மட்டும் கேட்காமல் துத்தநாகப் பூச்சு எத்தனை ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்றும் கேளுங்கள். 120-ஐவிட 275-இல் பூச்சு கூடுதல். இந்தக் காற்றில் அதுதான் ஆயுள். ஏ.சி. வாங்கினால் சுருள் செம்பா அலுமினியமா, அதன் மேல் துருத் தடுப்புப் பூச்சு உண்டா என்று கேட்டுக்கொண்டு, வெளி யூனிட்டைக் கடல் பார்க்காத சுவரில் மாட்டச் சொல்லுங்கள். குழாய்க்குக் கடினப் பிளாஸ்டிக் நன்றாகவே உழைக்கிறது.

நான்காம் படி: பொட்டலத்தைப் படிப்பது

இப்போது நாட்டுக்கு வருவோம்.

பொட்டலமாக விற்கும் பொருளில் தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், ஆண்டு, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொடர்பு எண் ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் எடையளவுப் பொட்டல விதி. வெளிநாட்டிலிருந்து வந்த பொருளானால், எந்த நாடு என்பதும் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இணையத்தில் விற்கும் இறக்குமதிப் பொருளுக்கும் நாட்டைக் காட்ட வேண்டும் என்று 2020-இல் விதி வந்தது. ஆகவே கைப்பேசியில் ஆர்டர் போடும் முன், விவரப் பகுதியைக் கடைசி வரை தள்ளிப் பாருங்கள்.

"மார்க்கெட்டட் பை" என்று ஓர் இந்திய நகரத்தின் பெயர் பெரிதாக இருக்கும். அது விற்பவரின் முகவரி. செய்த இடம் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். "மேட் இன் பி.ஆர்.சி." என்றால் சீன மக்கள் குடியரசு, வேறு நாடு இல்லை. "அசெம்பிள்டு இன் இந்தியா" என்றால் பாகங்கள் எங்கிருந்தோ வந்து இங்கே பூட்டப்பட்டவை.

பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள், 690 முதல் 699 வரை என்றால் சீனப் பொருள் என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாக வாட்ஸப்பில் சுற்றுகிறது. நம்பிவிடாதீர்கள். அந்த எண் நிறுவனம் எந்த நாட்டில் பதிவு செய்து பார்கோடு வாங்கியது என்பதை மட்டும் காட்டும். சீனாவில் செய்து வாங்கி இந்திய நிறுவனம் விற்கும் பொருளிலும் 890 இருக்கும். இலங்கைக்கு 479, அந்த எண்ணைக் கொண்ட டப்பாவின் உள்ளே இருப்பது எந்த நாட்டில் விளைந்தது என்று பார்கோடு சொல்லாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அப்படித்தான். அது இந்தியாவில் செய்தது என்பதற்கு அடையாளம் இல்லை. வெளிநாட்டு ஆலைகளும் பரிசோதனைக்கு உட்பட்டு அதைப் பெறலாம். அது சொல்வது, பொருள் இந்தியத் தர நிர்ணயத்துக்கு ஏற்றது என்பதை. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். எல்.இ.டி. விளக்கு, சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றில் 'ஆர்' என்ற எழுத்துக்குப் பின் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் இந்த எண்களைப் போட்டால் யாருடைய உரிமம், நடப்பில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம். ஒரு நிமிட வேலை. குழந்தைகளின் விளையாட்டுச் சாமானுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. கட்டாயம். திருவிழாக் கடைகளில் கிடைக்கும் முத்திரையில்லாத பொம்மையைக் கைக்குழந்தைக்கு வாங்கித் தர நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

இதையெல்லாம் படித்த பிறகு ஒன்று விளங்கும். ஆலையில் செய்த பொருளுக்கு நாடு என்பது ஒரு முகவரி. ஒரே நாட்டில், ஒரே தெருவிலிருக்கும் ஆலைகூட, கேட்கிற விலைக்கு ஏற்றபடி நல்லதும் செய்யும், மட்டமானதும் செய்யும். பழுதானால் இந்தியாவில் பொறுப்பேற்க யார் இருக்கிறார் என்பதே நாம் பார்க்க வேண்டியது. இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் உள்ள சீனப் பொருள் எனக்குச் சம்மதம். பெயரே இல்லாத பொருள் ஜெர்மனியில் செய்தது என்று சொன்னாலும் சம்மதமில்லை.

ஐந்தாம் படி: வளைகுடாவிலிருந்து வரும் சாமான்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். விடுமுறைக்கு வருபவர்கள் கொண்டுவரும் பொருள் கடைக்கும் வருகிறது, பக்கத்து வீட்டுக்கும் வருகிறது. போர்வை, வாசனைத் திரவியம், பேரீச்சம்பழம் எல்லாம் தாராளமாக வாங்குங்கள். பழத்துக்கு மட்டும் பொட்டலமிட்ட தேதியைப் பாருங்கள். நோன்பு முடிந்த பின் மலிவாகத் தள்ளும் சரக்கு சில சமயம் முந்தைய ஆண்டினுடையது.

மின்சாதனத்தில் கவனம் வேண்டும். பொருளின் அடியில் ஒட்டிய தகட்டில் வோல்ட் எவ்வளவு, ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று படியுங்கள். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். துபாயிலும் சிங்கப்பூரிலும் 50 ஹெர்ட்ஸ்தான், சவூதியில் 60. அங்கே வாங்கிய மேசை விசிறியோ ஃபிரிட்ஜோ 60 என்று மட்டும் குறித்திருந்தால், இங்கே மெதுவாக ஓடும், சூடேறும், சீக்கிரம் போய்விடும். "50/60" என்று இருந்தால் தயங்க வேண்டாம். துபாய், சிங்கப்பூர், மலேசியாச் சாமான்களின் பிளக்கில் மூன்று பட்டைக் கால்கள் இருக்கும். நம் சுவரில் வட்டத் துளை. தளர்வான அடாப்டரைச் செருகி இஸ்திரிப் பெட்டியை ஓட்டாதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து நம் ஊர் பிளக்கை மாட்டிவிடுங்கள்.

தங்கம் பற்றியும் கேட்பார்கள். துபாய்த் தங்கம் என்று தனியாக ஒரு தங்கம் கிடையாது. 916 எங்கே உருக்கினாலும் 916. செய்கூலியும் வரியும்தான் வேறுபடும். 2023 ஏப்ரல் முதல் நம் நாட்டுக் கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் இருக்க வேண்டும். அதையும் அதே செயலியில் சரிபார்க்கலாம்.

ஆறாம் படி: மண்ணிலும் கடலிலும் பிறந்தவை

ஆலைப் பொருளுக்குச் சொன்னதை இங்கே மாற்றிச் சொல்ல வேண்டும். விளைந்த பொருளுக்குப் பிறந்த ஊர்தான் பாதித் தரம்.

முண்டு வற்றலிலிருந்து தொடங்குகிறேன். முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, நயினார்கோவில் பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, மாசி முதல் பறிக்கிற மிளகாய். உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீளமான சம்பா வற்றலைவிட விலை பெரும்பாலும் கூடுதல். வாங்கும்போது ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்குங்கள். விதை சலசலவென்று ஒலிக்க வேண்டும். ஒன்றை எடுத்து ஒடித்தால் தோல் சடக்கென்று உடைய வேண்டும். வளைந்தால் ஈரம், ஈரத்துக்கும் சேர்த்து நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். வெள்ளையாக வெளுத்துக் கிடப்பது சோடை வற்றல். அதைக் கலந்து விற்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஆண்டுத் தேவையைப் பங்குனி, சித்திரையில் ஒரே தடவையாக வாங்கி, மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். இந்தக் கரையில் மழைக்காலத்தில் திறந்த வற்றல் பூஞ்சை பிடிக்கும்.

கருப்பட்டிக்குச் சாயல்குடிப் பக்கம் போகலாம். பதநீர் இறங்கும் பருவத்தில் விலை தணிந்திருக்கும். சீனி கலந்தது உடைத்த இடத்தில் படிகமாக மின்னும், நாக்கில் வைத்தவுடன் வெறும் இனிப்பு. நல்ல கருப்பட்டியின் உள்ளே மங்கிய கரும்பழுப்பு. இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு உப்பும் புகையும் வரும். மழைக்காலத்தில் அது கசிந்து இளகும். அதைக் குறையாக எண்ண வேண்டாம், பனைவெல்லத்தின் இயல்பு அது. சீனியைவிடக் குறைந்த விலைக்கு, அல்லது அதே விலைக்கு யாராவது கருப்பட்டி தந்தால் வாங்காதீர்கள். பனையேறுபவரின் கூலிக்கே அது கட்டாது.

அஞ்சறைப்பெட்டியில் அந்நிய நாடு எவ்வளவு இருக்கிறது என்பது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். பெருங்காயத்தின் பால் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும்தான் பெரும்பாலும் வருகிறது. இந்தியாவில் அந்தச் செடியை முறையாக நட்டதே 2020 அக்டோபரில், இமாசலத்தின் லாகுல் பள்ளத்தாக்கில். கடையில் கிடைப்பது மாவும் பிசினும் சேர்த்த கூட்டுப் பெருங்காயம். டப்பாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படித்து, எது முதலில் எழுதியிருக்கிறதோ அதுதான் அதிகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பட்டைக்கு வருகிறேன். நெய்ச்சோற்றுக்கும் பிரியாணிக்கும் கடையில் "பட்டை" என்று தருவது பெரும்பாலும் சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வரும் கேசியா. தடித்து, மரப்பட்டைபோல, ஒற்றைச் சுருளாக இருக்கும். கையால் ஒடிக்கப் பலம் வேண்டும். தனுஷ்கோடிக்கு எதிரே இருக்கும் இலங்கையின் கறுவா வேறு. காகிதம்போன்ற மெல்லிய ஏடுகளை ஒன்றுக்குள் ஒன்று சுருட்டிச் சுருட்டு மாதிரி இருக்கும். இரண்டு விரலால் நொறுங்கும், வாசனை மென்மை. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. விலை பல மடங்கு கூடுதல். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். பெரிய அண்டாவில் கொதிக்கும் பிரியாணிக்குக் கேசியாவே போதும். அதன் காரம் நிற்கும். தினமும் பட்டைத் தண்ணீர் குடிப்பவர்கள் மட்டும் கறுவாவுக்கு மாறுங்கள். கேசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். நாள்தோறும் கூடுதலாகப் போனால் கல்லீரலுக்கு நல்லதில்லை.

அடுத்து இராமேசுவரத்துக் கடைத்தெரு. வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் எல்லோரும் அங்கே போவார்கள், ஆகவே நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. "மன்னார் வளைகுடா முத்து" என்று மாலை மாலையாகத் தொங்கும். தூத்துக்குடிப் பக்கம் பெரிய முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. உலகச் சந்தையில் நிறைந்திருப்பது சீனாவின் நன்னீர் வளர்ப்பு முத்து. அதுவும் உண்மையான முத்துதான், அழகானதுதான். அந்தப் பெயரில் அந்த விலைக்கு வாங்குங்கள். இரண்டு முத்துகளை ஒன்றோடொன்று மெதுவாக உரசினால் நறநறவென்று மணல் உணர்வு வர வேண்டும். வழுக்கினால் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக்.

வலம்புரிச் சங்கில்தான் பெரும்பணம் போகிறது, அதனால் நிதானமாகக் கேளுங்கள். நம் கடலின் சங்கு பெரும்பாலும் இடம்புரி. வலம்புரி மிக அரிது. ஆனால் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில், மெக்சிகோ வளைகுடாப் பக்கம், லைட்னிங் வெல்க் என்று ஒரு சங்கினம் இருக்கிறது. அதன் இனமே அந்தத் திசையில்தான் சுருளும். அங்கே அது சாதாரணப் பொருள். இங்கே வலம்புரி என்ற பெயரில் பூசைக்கு விற்கப்படுகிறது. கண்டுபிடிக்க வழி உண்டு. வாயைத் திறந்த பக்கம் பார்த்து, உள்ளே நடுத்தண்டில் விரலை வையுங்கள். நம் சங்கில் மூன்று நான்கு மடிப்புகள் வரப்புபோலத் தட்டுப்படும். அமெரிக்கச் சங்கில் அந்த இடம் வழுவழுவென்று இருக்கும். வயதான மூதாட்டி ஒருவர் சேர்த்துவைத்த பணத்தில் வாங்கிய சங்கை என் கையில் கொடுத்தபோது, என் விரல் வழுக்கிக்கொண்டு போனது. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்கும் முன் ஒருவர் சொல்லியிருக்கலாமே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல்விசிறி, கடல் அட்டை ஆகியவற்றை யார் என்ன விலைக்குத் தந்தாலும் தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை, வைத்திருப்பதே குற்றம்.

கருவாட்டுக்கு ஒரு வரி: உப்பு வெள்ளைவெள்ளையாக உதிர்ந்தால் நீங்கள் வாங்குவது உப்பின் எடை. மணலில் உலர்த்தியதைவிடப் பரணில் உலர்த்தியதற்குப் பத்து ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

ஏழாம் படி: பில்

விலையும் தரமும் நாடும் வாய்ப்பேச்சாக இருக்கும் வரை காற்றோடு போகும். பில்லில் ஏறினால்தான் நிற்கும். பொருளின் பெயர், ரகம், மாடல் எண், கியாரண்டி எத்தனை மாதம், யார் கொடுக்கிறார் என்பவற்றை எழுதச் சொல்லுங்கள். "பில் வேண்டாம் என்றால் வரி குறையும்" என்று சொன்னால், குறைவது உங்கள் உரிமை. எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அதற்காக எம்.ஆர்.பி.யிலிருந்து பாதி தள்ளுபடி என்பதைப் பெரிய லாபமாக எண்ணவும் வேண்டாம். அந்த எண்ணைப் போடுபவர் பொருளைத் தயாரித்தவரோ இறக்குமதி செய்தவரோதான்.

பழுதான பொருளை மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

இப்போது பல கடைகளில் தரும் வழவழப்பான சிறிய பில் தாள் சூட்டில் அச்சாவது. நம் வெயிலிலும் ஈரத்திலும் சில மாதங்களில் வெளுத்து வெற்றுத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து, பொருளின் பெயரைப் போட்டுச் சேமித்துவிடுங்கள். பொட்டலத்தில் நாடும் இறக்குமதியாளர் முகவரியும் உள்ள பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். அட்டைப்பெட்டியை மழைக்காலத்துக்குள் கரையான் தின்றுவிடும்.

வீடு போட எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்க வேண்டாம். அடுப்பு, விசிறி, கொடிக்கம்பி, கதவுத் தாழ்ப்பாள் முதலில். மற்றவற்றுக்கு ஒரு மாதம் பொறுங்கள். மாலையில் ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்து ஜன்னலில் பிசுபிசுப்பு அதிகமோ, அந்தப் பக்கம்தான் உங்கள் வீட்டுக்குள் உப்பு வருகிறது. பீரோவை அதற்கு எதிர்ச்சுவரில் வையுங்கள்.